கிந்துப் சொன்ன அருவி

திபெத்தின் சாங்போ நதி இமயமலைக்குள் இறங்கும் இடத்தில் ஒரு பேரருவி இருந்தே தீர வேண்டும் என்று நம்பி நூறாண்டுகளுக்கு மேல் தேடினார்கள். அருவி கிடைத்தது. இப்போது அந்தத் தண்ணீரையே சுரங்கத்தில் திருப்பும் வேலை ஆரம்பமாகிவிட்டது.

1883 வாக்கில் திபெத்தின் தென்கிழக்கு மூலையில் ஒரு மனிதர் பத்து நாட்கள் தொடர்ந்து ஆற்றில் கட்டைகளை எறிந்துகொண்டிருந்தார். தினமும் 50. மொத்தம் 500. ஒவ்வொன்றும் ஓர் அடி நீளம். ஒவ்வொன்றிலும் ஓர் உலோகக் குழாய் மூங்கில் பட்டையால் கட்டப்பட்டிருந்தது. சில நூறு கிலோமீட்டர் கீழே, அசாம் சமவெளியில், ஆங்கிலேய அதிகாரிகளின் ஆட்கள் கரையில் காத்திருந்து அந்தக் கட்டைகளைப் பிடித்திருக்க வேண்டும். பிடித்திருந்தால் திபெத்தின் சாங்போவும் அசாமின் பிரம்மபுத்ராவும் ஒரே நதிதானா என்ற, அந்த நூற்றாண்டின் பெரிய பூகோளச் சண்டை அன்றே தீர்ந்திருக்கும். கரையில் ஒருவரும் இல்லை. கட்டைகள் வங்காள விரிகுடாவுக்குப் போய்ச் சேர்ந்தன.

எறிந்தவர் பெயர் கிந்துப். சிக்கிமைச் சேர்ந்தவர். டார்ஜிலிங்கில் வாழ்ந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. இந்திய நில அளவைத் துறையின் பதிவேடுகளில் அவருக்கு இரண்டெழுத்துச் சங்கேதப் பெயர்: 'கே.பி.'

அவர் தேடிப்போன நதி அப்படிப்பட்டது. மேற்குத் திபெத்தில் கைலாயத்துக்குப் பக்கத்தில் பிறந்து, சமர்த்தாகக் கிழக்கு நோக்கி ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகிறது. பிறகு 7,782 மீட்டர் உயரமுள்ள நாம்சா பர்வாவுக்கும் 7,294 மீட்டர் உயரமுள்ள க்யாலா பெரிக்கும் நடுவே மலையைப் பிளந்துகொண்டு நுழைந்து, ஒரு கொண்டை ஊசி வளைவில் தெற்கே திரும்பி மறைந்துவிடுகிறது. க்யாலா கிராமத்தருகே சுமார் 9,000 அடி உயரத்தில் ஓடும் ஆறு, அசாம் சமவெளியைத் தொடும்போது 500 அடிக்கு வந்துவிடுகிறது. இடையே நேர்கோட்டில் அளந்தால் 200 கிலோமீட்டர்கூட இல்லை.

எட்டாயிரம் அடி எங்கே போயிற்று? லண்டனிலும் கல்கத்தாவிலும் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தோன்றிய விடை ஒன்றுதான்: உள்ளே எங்கோ ஒரு பிரம்மாண்ட அருவி இருக்க வேண்டும். 1855ல் லிவிங்ஸ்டன் ஆப்பிரிக்காவில் ஒரு பேரருவியைப் பார்த்து அதற்குத் தன் ராணியின் பெயரை வைத்துவிட்டுத் திரும்பியிருந்தார். ஆசியாவிலும் அப்படி ஒன்று கிடைக்காதா என்ற ஏக்கம் பூகோளச் சங்கங்களை ஆட்டிப் படைத்த காலம் அது. அருவியை யாரும் பார்க்கவில்லை. கணக்குப் போட்டு உண்டாக்கினார்கள்.

போய்ப் பார்க்கவும் முடியாது. திபெத் தன் கதவை வெளிநாட்டாருக்கு மூடி வைத்திருந்தது. தெற்கே, அசாம் எல்லைக்கு அப்பால், அன்று ஆங்கிலேயர் 'அபோர்' என்று அழைத்த ஆதி பழங்குடியினர் யாரையும் உள்ளே விடவில்லை. 1802ல் சென்னை பரங்கிமலை அருகே முதல் அடிக்கோட்டை அளந்து தொடங்கிய இந்திய முக்கோண அளவைப் பணி, இமயத்தின் காலடிக்கு வந்து நின்றது. அதற்கு மேல் வெள்ளைக்காரர் போக முடியாது என்பதால் இந்தியர்களை யாத்ரீகர் வேஷத்தில் அனுப்பினார்கள். இவர்களுக்குப் பொதுப்பெயர் 'பண்டிதர்கள்'.

அவர்களின் சாமான்கள் ஒரு துப்பறியும் கதைக்குப் பொருத்தமானவை. புத்த ஜபமாலையில் 108 மணிகள் இருக்க வேண்டும். பண்டிதர்களின் மாலையில் நூறுதான். நூறு அடி நடந்ததும் ஒரு மணியைத் தள்ளினால் ஒரு சுற்றில் பத்தாயிரம் அடி. கையில் சுழலும் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரத்துக்குப் பதில் வெற்றுத் தாள். இடத்தின் உயரத்தைத் தண்ணீர் எந்தச் சூட்டில் கொதிக்கிறது என்பதை வைத்துக் கணித்தார்கள். இவர்களில் புகழ்பெற்ற நைன் சிங் 1866ல் லாசாவையே எட்டிப்பிடித்தார்.

கிந்துப்புக்கு இந்தப் புகழெல்லாம் வாய்க்கவில்லை. அவர் உதவியாள்தான். 1880ல் காப்டன் ஹார்மன் என்ற அதிகாரி ஒரு மங்கோலிய லாமாவைத் தேர்ந்தெடுத்தார். ஆற்றோடு போய் அசாம் வரை இறங்க வேண்டும்; முடியாவிட்டால் குறியிட்ட கட்டைகளை ஆற்றில் விட வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த லாமா தலைவர். சாமான் தூக்கவும் சேவகம் செய்யவும் கிந்துப்.

தலைவரின் லட்சணம் சீக்கிரமே தெரிந்தது. வழியில் ஒரு கிராமத்தில், தங்க இடம் கொடுத்தவரின் மனைவி மேல் லாமாவுக்கு மையல். நான்கு மாதங்கள் அங்கேயே ஓடின. விவகாரம் வெடித்தபோது கணவருக்கு நஷ்ட ஈடாக ரூ. 25 கொடுத்துச் சமாதானம் செய்தவர் கிந்துப். பிறகு தோங்யுக் என்ற இடத்துக்கு வந்தார்கள். அங்கிருந்த கோட்டைத் தலைவரிடம் லாமா தனியாகப் பேசினார். இரண்டு மூன்று நாளில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வரவேயில்லை. தன்னை அடிமையாக விற்றுவிட்டுத்தான் அவர் போயிருக்கிறார் என்பது கிந்துப்புக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

பல மாதங்கள் அடிமை வேலை. 1882 மார்ச்சில் தப்பினார். டார்ஜிலிங் பக்கம் ஓடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. கிந்துப் ஆற்றை நோக்கி ஓடினார். ஒப்படைத்தவரும் பக்கத்தில் இல்லை, தலைவரும் ஓடிவிட்டார். வேலை மட்டும் பாக்கியிருந்தது. பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் மார்புங் என்ற மடத்தை அடைந்தபோது பழைய எஜமானரின் ஆட்கள் துரத்திக்கொண்டு வந்துவிட்டார்கள். மடத்துத் தலைவரின் காலில் விழுந்தார். அவர் ரூ. 50 கொடுத்துக் கிந்துப்பை வாங்கிக்கொண்டார். ஆக, மறுபடியும் அடிமை. ஆனால் கொஞ்சம் நல்ல எஜமானர்.

நாலரை மாதம் கழித்து, தீர்த்த யாத்திரை போக வேண்டும் என்று ஒரு மாத விடுப்புக் கேட்டார். கிடைத்தது. அந்த விடுப்பில் செய்த யாத்திரைதான் 500 கட்டைகளை வெட்டி ஒரு குகையில் ஒளித்து வைத்தது. ஆனால் கட்டைகள் எந்தத் தேதியில் வரும் என்று இந்தியாவுக்குச் சொல்ல வேண்டுமே? மடத்துக்குத் திரும்பி இரண்டு மாதம் வேலை செய்தார். இன்னொரு யாத்திரைக்கு அனுமதி வாங்கிக்கொண்டு இந்த முறை லாசா வரை நடந்தார். சிக்கிமிலிருந்து வந்திருந்தவர்கள் மூலம், தேதிகளைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதச் செய்து டார்ஜிலிங்குக்கு அனுப்பினார். பிறகு, தப்பிக்க அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை என்ற நிலையில், மறுபடியும் மார்புங்குக்கே திரும்பினார். ஒன்பது மாதம் கழித்து மடத்துத் தலைவர் அவரது பக்தியை மெச்சி விடுதலை செய்தார். குறித்த நாளில் கட்டைகள் ஆற்றில் இறங்கின.

ஹார்மன் அதற்கு முன்பே உடல் நலம் கெட்டு இந்தியாவை விட்டுப் போயிருந்தார். 1883ல் காலமானார். கடிதம் அவரைச் சேரவேயில்லை. ஆற்றோடு அசாமுக்குள் இறங்கப் பார்த்த கிந்துப்பை ஆதி மக்களின் எல்லை தடுத்தது. வந்த வழியே லாசா வரை சுற்றி, 1884 நவம்பரில் டார்ஜிலிங் சேர்ந்தார். நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. வீட்டில் அம்மா இறந்து போயிருந்தார்.

அவர் கொண்டுவந்தது முழுக்க ஞாபகத்தில் இருந்தது. ஊர்ப் பெயர்கள், இடையே உள்ள தூரம், மடங்கள், பாலங்கள், கயிற்றுத் தோணிகள் எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பித்தார். ஒருவர் கேட்டு எழுதினார். அது ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து அச்சேறிய அறிக்கையில், பெமகோசுங் மடத்துக்கு இரண்டு மைல் தள்ளி ஆறு 'சிஞ்சே சோக்யால்' என்ற பாறையிலிருந்து சுமார் 150 அடி கீழே விழுகிறது, அடியில் ஒரு பெரிய குளம், அதன் மேல் எப்போதும் வானவில் என்று இருந்தது.

பூகோளவாதிகள் துள்ளினார்கள். கணக்கில் மட்டும் இருந்த அருவிக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டார். சாட்சி எழுத்தறிவற்ற ஒரு வேலைக்காரர் என்பதால் சிலர் முகம் சுளிக்கவும் செய்தார்கள். அருவி மட்டும் வரைபடங்களில் ஏறிவிட்டது.

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான் ஒருவர் போய்ச் சரிபார்த்தார். 1913ல் காப்டன் பெய்லியும் காப்டன் மோர்ஸ்ஹெட்டும் திபெத்தின் அனுமதிச் சீட்டு எதுவும் இல்லாமல் அசாம் மலைகள் வழியாக ஏறி மறுபக்கம் இறங்கினார்கள். கையில் கிந்துப்பின் அறிக்கை. வழி நெடுக அவர் சொன்ன ஊர்கள் சொன்ன வரிசையில் வந்தன. பெமகோசுங்கும் வந்தது. அருவியும் இருந்தது, வானவில்லோடு. ஆனால் உயரம் 150 அடி இல்லை. சுமார் முப்பது அடிதான்.

அப்படியானால் கிந்துப் அளந்துவிட்டாரா? பெய்லி க்யாலா கிராமத்துக்கு வந்தபோது விடை எதிர்க்கரையில் இருந்தது. அங்கே ஒரு சிறிய ஓடை செங்குத்துப் பாறையிலிருந்து ஆற்றை நோக்கி விழுகிறது. தண்ணீர்த் திரைக்குப் பின்னால், பாறையில், சங்கிலியால் பிணைக்கப்பட்ட ஒரு தெய்வ உருவம். நீர் குறையும் காலத்தில் பக்தர்கள் தரிசிக்க வருவார்கள். அந்தத் தெய்வம்தான் சிஞ்சே சோக்யால். வேறு யாருமல்ல, நமக்குத் தெரிந்த யமதர்மராஜன். 150 அடி அந்த ஓடையின் உயரம். கிந்துப் இரண்டு அருவிகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். கேட்டு எழுதியவரோ மொழிபெயர்த்தவரோ இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

பெய்லி ஒரு நல்ல காரியம் செய்தார். கிந்துப் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரித்தார். இருந்தார். டார்ஜிலிங்கில் துணி தைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். 1914ல் சிம்லாவுக்கு வரவழைத்து விசாரித்தபோது, முப்பது ஆண்டு கழிந்தும் விவரங்கள் அவருக்குப் பிசகாமல் நினைவிருந்தன. ஆற்றின் மேல் 150 அடி அருவி இருப்பதாகத் தான் சொல்லவேயில்லை என்றார். தன் அறிக்கையில் என்ன அச்சாகியிருந்தது என்பது எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதருக்கு அதுவரை தெரிய வழியில்லை.

அவருக்கு ஓய்வூதியம் கொடுக்க வேண்டும் என்று பெய்லி அரசாங்கத்தோடு மன்றாடினார். ஆள் நெடுநாள் வாழ்ந்துவிட்டால் செலவு என்ன ஆகும் என்று அரசாங்கம் யோசித்தது. கடைசியில் ஒரே தடவையாக ரூ. 1,000 கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். கிந்துப் அதன்பின் அதிக நாள் வாழவில்லை. அரசாங்கத்துக்கு லாபம்தான்.

அருவித் தேடல் மட்டும் நிற்கவில்லை. 1924ல் ஃபிராங்க் கிங்டன்-வார்ட் என்ற தாவரவியலாளர் காடர் பிரபுவைச் சேர்த்துக்கொண்டு வந்தார். பெய்லி பார்த்துவிட்டுப் போன நீலநிற கசகசாப் பூவின் விதைகளை இங்கிலாந்துத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் இவர்தான். பெய்லி நின்ற இடத்தையும் தாண்டி உள்ளே போய் இன்னோர் அருவியைப் பார்த்தார். வானவில் அருவி என்று பெயர் வைத்தார். உயரம் 40 அடி இருக்கும் என்று மதிப்பிட்டார். அதற்குக் கீழே ஆறு ஒரு பாறைச் சுவருக்குப் பின்னால் திரும்பியது. தொடர்ந்து போக வழியில்லை. மேலே ஏறிச் சுற்றி, கீழே வேறோர் இடத்தில் ஆற்றைப் பிடித்தார். நடுவில் பார்க்காமல் விட்டது சில மைல்கள்தான். பேரருவி என்பது கட்டுக்கதை என்று பயணத்தை முடித்தார்.

அந்தச் சில மைல் இன்னும் எழுபத்து நாலு ஆண்டு காத்திருந்தது. 1950 ஆகஸ்ட் 15 அன்று அசாம்-திபெத் எல்லையில் 8.6 ரிக்டர் அளவுக்கு வந்த பூகம்பம் இந்த மலைகளைச் சரித்துப்போட்டது. அடுத்து சீனப் படை வந்தது. பள்ளத்தாக்கு வெளிநாட்டாருக்கு அடைபட்டது. 1990களில் மெல்லத் திறந்தபோது அமெரிக்கர்கள் ஓடி வந்தார்கள். 1998 அக்டோபரில் ஆற்றில் படகு விட்ட அமெரிக்கக் குழுவில் ஒருவர் வெள்ளத்தில் போய்விட்டார். அதற்கடுத்த மாதம், இயான் பேக்கர், கென் ஸ்டார்ம், ஹமீத் சர்தார் ஆகிய மூவர் மோன்பா வேட்டைக்காரர்கள் வழிகாட்ட, கயிறு பிடித்துப் பாறையில் இறங்கி, கிங்டன்-வார்ட் திரும்பிப்போன வளைவுக்கு அப்பால் எட்டிப் பார்த்தார்கள்.

அருவி அங்கே இருந்தது. வானவில் அருவியிலிருந்து கால் மைல் தூரம்தான். ஒரு முழு ஆறும் இரண்டு பாறைகளுக்கிடையே நெருக்கி விழுந்துகொண்டிருந்தது. கருவி வைத்து அளந்தார்கள். 108 அடி. பண்டிதர்கள் தங்கள் ஜபமாலையிலிருந்து எட்டு மணிகளைக் கழற்றாமல் இருந்திருந்தால் வரும் எண். தற்செயல்தான், ஆனால் பௌத்தர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

1999 ஜனவரியில் நேஷனல் ஜியாகிரபிக் சங்கம் செய்தியை வெளியிட்டதும் 'மறைந்த அருவி கண்டுபிடிப்பு' என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. சீனாவுக்குக் கோபம். எங்கள் ஆட்கள் ஹெலிகாப்டரிலிருந்து முன்பே படம் எடுத்தாகிவிட்டது, எங்கள் விஞ்ஞானிகளும் அதே ஆண்டு போனார்கள் என்றது. யார் முதலில் என்ற இந்தச் சண்டையில் ஒரு தரப்பை யாரும் கேட்கவில்லை. வழி காட்டிய வேட்டைக்காரர்கள் அந்த அருவியைத் தலைமுறைகளாக அறிவார்கள். டாகின் என்ற மலைமாட்டை வேட்டையாட அவர்கள் அந்தப் பக்கம் போய்வருபவர்கள். பள்ளத்தாக்கு முழுவதும் அவர்களுக்குப் 'பெமகோ' என்ற புண்ணிய பூமி. வஜ்ரவராகி தேவியின் உடல். அருவிகள் அதில் தரிசனத் தலங்கள். வெளியாருக்குச் சொல்ல வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருந்ததில்லை.

லண்டன்காரர்கள் எதிர்பார்த்த ஆசிய விக்டோரியா ஏன் இல்லை என்பதற்கு நிலவியலில் விடை இருக்கிறது. உலகின் வேகமாக உயரும் மலைகளில் ஒன்று நாம்சா பர்வா. அதை உலகின் வேகமாக அரிக்கும் ஆறுகளில் ஒன்று அறுத்துக்கொண்டே இருக்கிறது. ஒரே இடத்தில் பெரிய படி உருவாக ஆறு விடுவதில்லை. எட்டாயிரம் அடியையும் நூற்றுக்கணக்கான சின்னப் படிகளாகப் பிரித்துப் பாய்கிறது. அவற்றில் கொஞ்சம் பெரிய படிகள்தான் கிந்துப்பும் கிங்டன்-வார்டும் பேக்கரும் பார்த்தவை.

இனி, போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு. திபெத் பக்கம் இன்று பாதை சுலபமாகிவிட்டது. 2021 முதல் லாசாவிலிருந்து நிங்ச்சிக்கு ரயில் ஓடுகிறது. அங்கிருந்து சாலையில் பை என்ற ஊர். டிக்கெட் வாங்கினால் பேருந்தில் ஏற்றி, வேலி போட்ட மேடைகளிலிருந்து நாம்சா பர்வாவையும் பள்ளத்தாக்கின் வாயையும் காட்டுவார்கள். சீனச் சுற்றுலாப் பயணிகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். சீனாவிலேயே கடைசியாக நெடுஞ்சாலை எட்டிய மாவட்டம் என்ற பெயர் பெற்ற மேடோக்குக்கும் 2013ல் சாலை வந்துவிட்டது. ஆனால் இவற்றில் எங்கிருந்து பார்த்தாலும் மறைந்த அருவி தெரியாது. அது இருக்கும் உட்பள்ளத்துக்குச் சாலை கிடையாது. அட்டைகளும் மூங்கில் புதர்களும் நிறைந்த காட்டில் பல நாள் நடை. வெளிநாட்டாருக்குத் தனி அனுமதி வேண்டும். எல்லைப் பிரதேசம் என்பதால் இந்தியப் பாஸ்போர்ட்டோடு அதைக் கேட்பது வீண் முயற்சி.

நமக்கு மிச்சம் இருப்பது கீழ்க்கரை. அருணாசலப் பிரதேசத்துக்கு உள்கோட்டு அனுமதிச் சீட்டு வாங்கி, பாசிகாட்டிலிருந்து யிங்கியோங் வழியாகத் தூதிங் வரை போகலாம். நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையே போவது உத்தமம். மழைக்காலத்தில் நிலச்சரிவு எங்கே நிறுத்திவைக்கும் என்று சொல்ல முடியாது. இங்கே நதிக்குப் பெயர் சியாங். அருவி கிடையாது. மலைகளுக்கு நடுவே பச்சை நிறத்தில், சத்தம் அதிகம் இல்லாமல், ஆனால் இறங்கிக் கால் வைக்க யோசிக்க வைக்கும் வேகத்தில் போகிறது. குறுக்கே கம்பிக் கயிற்றில் தொங்கும் நடைபாலங்கள். கிந்துப்பின் 500 கட்டைகளும் இந்தப் பாலங்களுக்கு அடியில் உள்ள தண்ணீரில்தான் போயிருக்க வேண்டும்.

இந்த நதி மேலே என்ன நடக்கிறது என்பதைக் கீழே இருப்பவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை. 2000 ஏப்ரலில் திபெத்தில் யிகோங் ஆற்றை ஒரு நிலச்சரிவு அடைத்து ஏரியாக்கியது. ஜூனில் அது உடைந்தது. சியாங் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின. பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள். அதன்பிறகு பிரம்மபுத்ராவின் வெள்ளக்கால நீர்மட்டத் தகவலைச் சீனா இந்தியாவுக்குத் தருவதென்று 2002ல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அவ்வப்போது புதுப்பிக்கப்பட்ட அது 2023ல் காலாவதியானது.

2025 ஜூலை 19 அன்று சீனப் பிரதமர் லி சியாங் நிங்ச்சிக்கு வந்தார். இந்த வளைவில் உலகின் மிகப் பெரிய நீர்மின் திட்டத்துக்கான வேலையைத் தொடங்கி வைத்தார். அடுக்கடுக்காக ஐந்து மின் நிலையங்கள். மதிப்பீடு 1.2 லட்சம் கோடி யுவான், அதாவது சுமார் 14 லட்சம் கோடி ரூபாய். ஆண்டுக்கு 30,000 கோடி யூனிட் மின்சாரம். த்ரீ கார்ஜஸ் அணையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. முறை என்ன? ஆற்றின் வளைவை விட்டுவிட்டு, மலைக்குள் சுரங்கம் குடைந்து தண்ணீரைக் குறுக்கே கொண்டுபோய் இறக்குவது. வளைவைச் சுற்றி ஆறு இறங்கும் உயரம் முழுவதும் அந்தக் குறுக்கு வழியில் கிடைத்துவிடும். எட்டாயிரம் அடி எங்கே போயிற்று என்று கேட்ட பழைய ஆட்கள் அருவியைத் தேடினார்கள். இன்றைய பொறியாளர்களும் அதே கழித்தல் கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள். தேடுவது மின்சாரத்தை.

கீழ்நாடுகளுக்குப் பாதிப்பு இருக்காது என்கிறது சீனா. தலைக்கு மேல் கட்டப்படும் 'தண்ணீர் குண்டு' இது என்கிறார் அருணாசல முதல்வர் பெமா காண்டு. அசாமில் ஓடும் பிரம்மபுத்ராவின் நீரில் பெரும்பங்கு இந்திய மண்ணில் பெய்யும் மழைதான் என்பதால் நதி வறண்டுவிடும் என்ற பயம் மிகையானது. பயப்பட வேண்டியது திடீரென்று திறந்துவிடுவதைப் பற்றியும், கீழே வராமல் தங்கிவிடும் வண்டலைப் பற்றியும், 1950ல் மலையே சரிந்த இடத்தில் இத்தனை குடைவதைப் பற்றியும்தான். இந்தியாவின் பதில், சியாங்கின் மேலேயே ஒரு பேரணை: 11,000 மெகாவாட் திறனில் சியாங் மேல்நிலைத் திட்டம். சீனா திறந்துவிட்டால் தாங்கிப் பிடிக்கும் என்பது வாதம். அதற்கு மூழ்கப்போவது ஆதி மக்களின் கிராமங்களும் வயல்களும். சர்வே எடுக்க வந்தவர்களையும் பாதுகாப்புப் படையினரையும் எதிர்த்து அவர்கள் 2024லும் 2025லும் சாலைக்கு வந்தார்கள். கிந்துப்பைத் திருப்பி அனுப்பிய அதே மக்களின் பேரப்பிள்ளைகள்.

இவ்வளவுக்கும் நடுவில் மறைந்த அருவியின் கதி என்ன? அது இருப்பது வளைவின் உட்பகுதியில், சுரங்கம் சுற்றிக்கொண்டு போகும் பகுதியில். தண்ணீரில் எவ்வளவு சுரங்கத்துக்கு, எவ்வளவு பழைய பாதைக்கு என்ற கணக்கைச் சீனா பொதுவில் வைக்கவில்லை. ஜோக் அருவியைக் கோடையில் பார்த்தவர்களுக்கு இது புரியும். மேலே லிங்கனமக்கி அணை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ள, பாறைமேல் நாலு நூல் போலக் கசியும். மழைக்காலத்தில் திறந்துவிடும்போது பயணிகள் போட்டோ எடுக்க ஓடுவார்கள். ஜோக்கையாவது பேருந்தில் போய்ப் பார்க்க முடிகிறது. 108 அடியை நேரில் பார்த்த வெளியாட்களைக் கொஞ்ச நேரத்தில் எண்ணிவிடலாம்.